ப்ராக்ஸி கொடுத்தவன்

பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்துவிட்டான் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கல்லூரியில் விழுந்த பெயர் ப்ராக்ஸி. வருகைப் பதிவின்போது வராத நண்பர்களுக்காக மூன்று குரலில் ‘பிரசன்ட் சார்’ சொல்வான். ஒருநாள் அந்த மும்முரத்தில் தனக்குச் சொல்ல மறந்து, அந்தக் கூட்டத்தில் வகுப்புக்கு வந்திருந்த ஒரே ஆளான அவனுக்கே ஆப்சென்ட் விழுந்தது. பரோபகாரம் என்றால் அதுவல்லவா பரோபகாரம்!

படிப்பு முடிந்ததும் கூட்டம் திசைக்கொன்றாகப் பறந்துவிட்டது. இவன் மட்டும் அதே ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டான். கருகிய கம்பியைப் பிடுங்கி, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிற வேலை. எந்நேரமும் அவன்மேல் அந்த வார்னிஷ் வாசனை அடிக்கும்.

பறந்தவர்கள் சும்மா இருந்தார்களா? “எங்கப்பாவுக்குச் செக்கப், கூடப் போறியா மாப்ள?” “தங்கச்சிக்கு நிச்சயம், என் சார்பா நில்லுடா.” எள் என்றால் எண்ணெயாக நிற்பான். கல்லூரி வாசலைப் படமெடுத்து அனுப்பச் சொல்வான் ஒருவன். அனுப்பினால், “செவத்துக்கு ஏண்டா பெயின்ட் அடிச்சாங்க? யாரைக் கேட்டு அடிச்சாங்க?” என்று சண்டைக்கு வருவான். இவர்கள் பறந்த நாளோடு ஊரே அசையாமல் நிற்க வேண்டுமாம்! நல்ல நியாயம்.

“பிள்ளைங்க பெத்தவங்களுக்கு, அலைச்சல் உங்களுக்கு” என்பாள் மனைவி. ஆனால் நண்பன் ஒட்டடையின் வீட்டுக்குப் போவதை மட்டும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒட்டடையும் கல்லூரியில் விழுந்த பெயர்தான்; ஒட்டடைக்குச்சி மாதிரி அத்தனை ஒல்லி. ப்ராக்ஸிக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். விடுமுறையில் விடுதி காலியாகும்போது ஒட்டடைதான் உள்ளூரிலேயே இருந்த தன் வீட்டுக்கு இழுத்துப் போவான். அந்த வீட்டு அம்மாவை இவனும் அம்மா என்றே கூப்பிட்டுப் பழகினான். இப்போது அந்த அம்மா தனியாக இருக்கிறாள். கண் பாதி மங்கிவிட்டது. தினமும் கடை திறக்குமுன் இவன் போய் மாத்திரை எடுத்துக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு வருவான். திட்டு வாங்காத நாள் அவனுக்கு என்னவோ போல் இருக்கும்.

ஒருநாள் ஒட்டடை போனில் இழுத்தான்.

“அம்மாவ இங்க கூட்டிக்கலாம்னு இருக்கேன். வீட்டை வித்துடணும். நீ பக்குவமா அம்மாகிட்ட சொல்லிடேன்.”

கையிலிருந்த கம்பிச் சுருளை ப்ராக்ஸி கீழே வைத்தான்.

“எல்லாத்துக்கும் நான் நின்னேன். இதை நீதான் வந்து கேக்கணும். பெத்தவளை வீட்டை விட்டுக் கிளம்புன்னு சொல்ல ஆள் அனுப்பாதடா.”

“வந்தா திரும்பிப் போக மனசு வராதுடா. அதான் ஆறு வருஷமா வரலை” என்றான் ஒட்டடை. “இங்க எல்லாம் இருக்கு. ஆனா என்னைக்காவது கனவுல வீடு வந்தா, அந்த வீடுதான் வருது.”

“அப்படின்னா வா” என்று ப்ராக்ஸி போனை வைத்துவிட்டான். நண்பனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பத்து நாளில் ஒட்டடை வந்து இறங்கினான். ஒட்டடையாவது ஒன்றாவது! தொப்பையும் வழுக்கையுமாக உரல் மாதிரி இருந்தான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். ப்ராக்ஸியின் பின்னால் தயங்கி நுழைந்தான்.

“வாடா. ஏண்டா இவ்வளவு நேரம்?” என்றாள் அம்மா. வந்தது ப்ராக்ஸி என்று வார்னிஷ் வாசனை அவளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது. பின்னால் ஓர் உருவம் நிற்பது மங்கலாகத் தெரிய, அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“யாரு, கடைக்கு வந்தவரா? வாங்க… உக்காருங்க.”

பெற்ற பிள்ளைக்கு ‘வாங்க’!

“அம்மா… நாந்தாம்மா” என்று ஒட்டடை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் தடவித் தடவி அவன் தலையைப் பிடித்தாள். முடி இருந்த இடத்தில் மொட்டையாக இருந்தது. “பாவி! உன்னைப் போய் வாங்கன்னு சொல்ல வெச்சுட்டியேடா!” முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள். அவனும் வெட்கமில்லாமல் அழுதான்.

மூன்று நாள் ஒட்டடை வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் ப்ராக்ஸி தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, ஒட்டடையே கேட்டான், எந்தப் பூசிமெழுகலும் இல்லாமல்.

“என்கூட வந்துடும்மா. இந்த வீட்டை வித்துடலாம்.”

அம்மா பக்கத்துச் சுவரை மெல்லத் தடவினாள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று ப்ராக்ஸி ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டான்.

“வரேன்டா. நீ வந்து கேட்டுட்டே, வராம இருப்பேனா? செவரு என்ன, போகட்டும்” என்றாள். பிறகு ப்ராக்ஸி நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

“நான் போயிட்டா இவன் யாரைடா அம்மான்னு கூப்பிடுவான்?”