தார் சுற்றிய கை

புருஷன் போன பிறகு, தறி நெய்கிற தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். விடியற்காலையில் தெருவில் யாராவது தறிக்கான நீள நூலை, பாவை, விரிக்க ஆரம்பித்தால், நானாகவே உள்ளே போய்விடுவேன். புதுப் பாவுக்கு முன்னால் தாலியறுத்தவள் முகம் எதற்கு? யாரும் விரட்டியதில்லை. விரட்டுவதற்கு முன்பே ஓடிப் பழகியிருந்தேன்.

உள்ளே தார் சுற்றுவேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றித் தருகிற வேலை. நாலு சுவருக்குள் நடப்பதால் அதில் எனக்குக் கூச்சமில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு முகூர்த்தப் புடவை தறியில் ஏறியது. கரைக்குத் தனி நிறம். நெய்கிறவன் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டால்தான் வேலை நகரும். எப்போதும் தம்பி பெண்டாட்டிதான் உட்காருவாள். அவளுக்கு மாதம் ஏறிவிட்டது, தறிக்குழியில் காலை விட முடியவில்லை.

"நீ வாக்கா," என்றான் தம்பி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புத்தி கெட்டுப்போச்சாடா உனுக்கு? கல்யாணப் பொண்ணு கட்டிக்கிறத நான் தொடறதா?"

அவன் நாடாவிலிருந்து தாரை உருவிக் காட்டினான். "இத யாரு சுத்தினது?"

"நான்தான்."

"நீ வந்ததுலேர்ந்து எல்லாமே நீ சுத்தினதுதான். எத்தினி பொண்ணுங்க கட்டிக்கினு போயி நல்லா வாழுதுங்க! அப்பல்லாம் எங்க போச்சுக்கா உன் ராசி?"

அன்று சோறு இறங்கவில்லை. ஊர் சொன்னதோ இல்லையோ, என் கையைக் கெட்ட கை என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தானே என்று அழுதேன். மறுநாள் தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

புடவை முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் அம்மா திருப்புட்குழியிலிருந்து வந்தார். கரையைத் தடவிப் பார்த்து, "கூட உக்காந்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாம்மா," என்றாள் தம்பி பெண்டாட்டி. பாவம், எனக்காகச் சொன்ன பொய்.

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பூவும் பொட்டுமா, புள்ளத்தாச்சி கை பட்டிருக்குது. எம் பொண்ணுக்கு நல்ல காலந்தான்."

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். முடியவில்லை. "இல்லம்மா, நான்தான் உக்காந்தேன்," என்று முன்னால் போய் நின்றேன்.

அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். புடவையைப் பாயில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தம்பி பெண்டாட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏன் அண்ணி? நான்தான் சமாளிச்சுக்கினு இருந்தேனே!" தம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பயமாக இருந்தது. ஆனால் வெட்கமாக இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அந்தப் புடவை வெகுநாள் பெட்டியிலேயே கிடந்தது. அதற்குள் அடுத்த பாவுக்கு நாள் வந்தது. தெருவில் பாவை விரித்தார்கள். பழக்கதோஷத்தில் என் கால் உள்பக்கம் திரும்பியது. நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகவே தெருவில் இறங்கிப் போய், தம்பிக்கு எதிரே பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.