மெயின் அணைத்த வீடு

எதிர்வீட்டுக்காரரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுகிறார். உள்ளே ஃபிரிட்ஜ் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு அடங்குகிறது. மின்விசிறி இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மனசில்லாமல் நிற்கிறது. அறைக்குள்ளிருந்து மகளின் தூக்கக் குரல் வருகிறது.

"ஆரம்பிச்சாச்சாப்பா?"

"ஆமாம்மா. மலையில விடிஞ்சிடுச்சு."

இந்தக் கோடை முழுக்க எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் விடிந்தது. எதிர்வீட்டு ஏசிக்காரர் தன் வீட்டு மின்சாரத்தைத் தானே அணைத்துவிட்டு, காற்றுக்காக வாசல் கதவை அகலத் திறந்து வைப்பார். மற்ற நாட்களில் சாத்தியே கிடக்கும் கதவு. அதனால் அந்த வீட்டின் நடப்பு எங்களுக்கெல்லாம் வாரத்தில் ஒரு நாள் இலவசக் காட்சி.

ஐம்பதைத் தாண்டிய ஆள். ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். ஊரில் பாதிப் பேருடைய படுக்கையறைக்குள் தாராளமாகப் போய்வருகிற ஒரே மனிதர் நீங்கள்தான் என்று நான் சீண்டுவேன். சிரிக்க மாட்டார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் உள்ளங்கையை உயர்த்திக் காற்றைத் தேடுவது அவர் வழக்கம். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பலர் பதிலுக்குக் கையைத் தூக்கிவிடுவார்கள். இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நோயைச் சொல்வார். "மூச்சு விடுது சார். ஆனா இஷ்டமில்லாம விடுது." பெரும்பாலும் அதைச் சொல்லும்போது அவரும் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். முழங்கால் இரண்டையும் ஏணிக்குக் கொடுத்தாகிவிட்டது. வலது தோளை ஜன்னலுக்கு வெளியே தொங்கித் தொங்கித் தொலைத்தாகிவிட்டது. தலைசீவக் கையைத் தூக்கும்போது முகம் கோணும்.

"நான் குளிரை உண்டாக்குறேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள இருக்குற சூட்டை அள்ளி வெளிய கொட்டுறேன். பக்கத்து வீட்டு வாசல்ல குப்பையைக் கொட்டுற மாதிரிதான்." இதைத் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் அது தமாஷாக இல்லாமல் போய்விட்டது. நெருக்கமான ஒரு சந்தில், ஏசியின் வெளிப்பெட்டியை எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக மாட்ட வேண்டியிருந்தது. வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். "அது அவங்க பாடு, நீங்க மாட்டுங்க" என்றார் வீட்டுக்காரர். மாட்டிவிட்டு வந்தார். சில வாரம் கழித்துப் பழுது பார்க்கப் போனபோது எதிர் ஜன்னலில் நனைந்த போர்வை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்ததாம். "என் பெட்டி விடுற அனலுக்குப் பயந்து கட்டி வெச்சிருக்காங்க சார்" என்றார். அன்று அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலைப் பேச்சு தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டது. ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பஸ் மாறி, மூச்சுவாங்க ஏறிப் பார்த்தால், கல்லும் காய்ந்த புல்லுமாக ஓர் இடம். உட்கார நிழல் கிடையாது. ஆனால் அவர் கண்ணுக்கு அங்கே எல்லாம் இருந்தது. "இங்க கோழிக்கூடு. அந்தப் பக்கம் கிழங்கு. பள்ளத்துல மழைத்தண்ணி நிக்கும், மீன் விட்டுடலாம். கடைக்குன்னு போகவே வேண்டாம் சார்."

"உப்புக்கு?" என்றேன்.

நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "உப்புக்கு மட்டும் போவேன்."

அந்த நிலத்தில் தன் கையாலேயே ஒரு குடிசையும் கட்டினார். கட்டி முடித்த சந்தோஷத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், போன வேகத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். விஷயம் என்னவென்றால், இருபத்தைந்து வருஷ வேலைப் பழக்கம். எங்கே இடுக்கைக் கண்டாலும் கை தானாக அடைத்துவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, கதவுக்கு அடியில் என்று ஓர் ஓட்டை விடாமல் இடுக்கு அடைக்கும் நுரையை அடித்து, மேலே டேப்பையும் ஒட்டியிருந்தார். குளிர் வெளியே போய்விடக் கூடாதாம். எந்தக் குளிர் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அடுத்த தடவை போனபோது அத்தனையையும் சுரண்டி எடுப்பதற்குள் பொழுது போய்விட்டது. இதை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார். சொல்லச் சொல்லச் சிரிப்பு தாங்காமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. "இவரை நம்பித்தான் நான் அங்க போகணுமாம்" என்றார்.

அந்தம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். காலையிலிருந்து நின்றபடியே பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். "எனக்குக் காடு ஒண்ணும் புதுசில்ல சார். பொறந்து வளர்ந்ததே அங்கதான். தண்ணி தூக்கித் தூக்கி உச்சந்தலையில முடி கொட்டின பொண்ணு நான். வாஷிங் மெஷின் வந்த அன்னிக்கு அது பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து, சுத்துறதையே பாத்துக்கிட்டு அழுதேன். இவரு அதையெல்லாம் விட்டுட்டு வான்னு சொல்றாரு. நான் எதுலேர்ந்து தப்பிச்சு வந்தேனோ, அங்கயே கூட்டிட்டுப் போறேங்குறாரு. யாருகிட்ட போய்ச் சொல்றது?"

இரண்டு பேரும் மாறி மாறிப் பேசி அலுத்துப்போன ஒரு கட்டத்தில் அந்தம்மா ஒரு பந்தயம் கட்டினார். பெண்ணுக்குக் கல்லூரி திறக்கும்வரை, ஞாயிற்றுக்கிழமை தோறும், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இந்த வீட்டில் மின்சாரம் கிடையாது. "தாங்கிட்டீங்கன்னா நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க பின்னாடி வர்றேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நடுவுல ஒரு தடவை மெயினைப் போட்டீங்கன்னாலும் மலைப் பேச்சு அதோட சரி. அப்புறம் என் காதுல அது விழவே கூடாது." கோடைதான் அவருக்கு வேலை உச்சத்தில் இருக்கும் காலம். இரண்டாவது வாரமே மனிதர் கவிழ்ந்துவிடுவார் என்பது அந்தம்மாவின் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

அவர் கவிழவில்லை. வாரம் முழுக்கக் கொதிக்கும் மொட்டைமாடிகளில் வெளிப்பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வுக்கு என்று இருக்கும் ஒரே நாளில் வீட்டுக்குள்ளும் வெந்தார். மாடியில் கேலிக்குப் பஞ்சமில்லை. கீழ்வீட்டு லாரி டிரைவர் படியேறும்போதெல்லாம், "என்னண்ணே, மலையில சிக்னல் கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கியவர் குடிக்காமல் மனைவியைப் பார்த்தார்.

"எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் அங்க மலைக்கு வருமா?" என்றார் அந்தம்மா, கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

டம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் விரல்களை அதைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தார்.

அந்தத் திறந்த கதவு வழியாக நான் பார்த்ததில் வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் இல்லாமல் வாழத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் அவர் இல்லை. அவர் கையில் துண்டை வைத்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் அறை அறையாக அலைவார். அந்தம்மா வாய் திறக்காமல் காரியத்தைப் பார்ப்பார். வெயில் நகர நகரப் பாய் நகரும். பால் பாத்திரம் தண்ணீர்த் தட்டில் இறங்கும். சமையல் காலையிலேயே முடிந்து அடுப்படி ஆறிவிடும். "தண்ணிக் குடத்தை ஜன்னல் பக்கம் வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மத்தியானம் அங்கதானே வெயில் வரும்" என்று அதட்டுவார். அவர் குடத்தை நகர்த்தி வைப்பார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் பாவமாகவும் இருக்கும்.

ஒரு சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டேன். உடம்பு முடியாமல்தானே ஓடப் பார்க்கிறீர்கள், வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதாதா என்று. கோபித்துக்கொள்ளவில்லை. ஏணியைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கையை நெட்டி முறித்துக்கொண்டே சொன்னார்: "அங்கயும் உழைக்கணும் சார், அது தெரியும். இதைவிட ஜாஸ்தியாவே உழைக்கணும். ஆனா இங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்குறாங்க. எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க. போனை எடுத்தா அது, தெருவுல இறங்குனா அது. வந்தா, சாப்டீங்களான்னு கேக்க மாட்டாங்க. இவ்ளோ நேரமான்னு கேப்பாங்க. யாருக்கும் நான் வர வேண்டாம்ங்குற இடத்துல கொஞ்ச காலம் இருக்கணும். கோழி கேக்காதுல்ல." அந்தக் கடைசி வார்த்தையில்கூடச் சிரிப்பு இல்லை. எனக்கு மனசு கனத்துவிட்டது. ஏனென்றால் போன மாதம் என் வீட்டு ஏசி நின்றபோது நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.

போன ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. மறுநாள் கல்லூரி திறப்பு. பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று அடித்த வெயிலை வெயில் என்றே சொல்ல முடியாது. முந்தின நாள் முழுக்க ஒரு பெரிய கட்டடத்தின் உச்சியில் நின்று வேலை செய்துவிட்டு வந்திருந்தார் மனிதர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் தரையில் வெற்றுடம்போடு மல்லாந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அந்தம்மா தலையைத் தாங்கிப் பிடித்து உப்புப் போட்ட தண்ணீரைக் குடிக்க வைத்தார். ஈரத்துண்டால் நெஞ்சைத் துடைத்துவிட்டார். நான் என் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன், ஏதாவது என்றால் ஓடலாம் என்று.

"டாக்டரைக் கூப்பிடணுமா?"

"வேண்டாம் சார். காய்ச்சல் இல்ல. அசதிதான். நேத்தே இப்படித்தான் வந்தாரு."

வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சுவர்கள் உள்வாங்கிய சூட்டைத் திருப்பித் தரும் நேரம் அது, மத்தியானத்தைவிட மோசம். அப்போதுதான் அவர் கண்ணைத் திறக்காமல் பேசினார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத வீட்டில் அது என் வாசல்வரை தெளிவாகக் கேட்டது.

"போட்டுடும்மா."

அந்தம்மா ஈரத்துண்டைப் பிழிந்தார்.

"மெயினைப் போட்டுடு. முடியல. நீ சொன்னதுதான் சரி. விட்டுடுறேன்."

சுவிட்ச் வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. நாலு எட்டு வைத்துக் கையை நீட்டினால் போதும். கோடை முழுக்க அந்தம்மா காத்திருந்தது இந்த வார்த்தைக்காகத்தான். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கையைத் தூக்கித் திறந்தால் கொட்டுகிற குழாய், எல்லாம் அந்த நாலு எட்டில் இருந்தன. அந்தம்மா எழுந்தார். வாசலுக்கு வந்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று, வெளியே கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிந்த வெயிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அவர் பார்வை கீழே இறங்கும்போது என்னைக் கண்டது. நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் கோபமா, அலுப்பா, என்ன அது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவரு தூக்கத்துல ஏதோ உளறுறாரு சார்" என்றார் தாழ்ந்த குரலில்.

திரும்பிப் போனார். மூலையில் கிடந்த மருந்து அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, சுவிட்சுக்கு முதுகைக் காட்டிக் கணவரின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விசிற ஆரம்பித்தார். பொழுது இறங்குவதாகத் தெரியவில்லை. வாரமெல்லாம் கடையில் நின்று வீங்கிய காலை ஒருமுறை நீட்டி மடக்கிக்கொண்டார். கை ஓய்ந்தபோது அட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.