கற்குவியல் வளைவு

தூபோங் பெரியவரின் இடது காலை மடியில் போட்டுக்கொண்டு ஓக்சிம் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறவைத்தும் கட்டைவிரல் நகம் இளகவில்லை. பழுப்பேறி, ஆட்டுக்கொம்பு போல உள்பக்கமாக வளைந்து கிடந்தது. ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் சதையோடு பிய்ந்துவிடும். ஓரத்திலிருந்து துளித்துளியாகக் கத்தரித்தாள். விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுத்தாள். குதிகால் வெடிப்பில் வாசலின் தடவினாள். சர்க்கரை நோய்க்காரரின் கால். கருப்புத் திட்டு எதுவும் இல்லை, அதுவே பெரிது.

"மெதுவா, புள்ள. கால்ல இன்னும் உயிர் இருக்கு."

"வலிக்கிற வரைக்கும் நல்லதுதான் பெரியப்பா. வலிக்கலைன்னாத்தான் நான் பயப்படணும்."

"உன் வீட்டுக்காரனையும் இப்படித்தான் அதட்டுனியா?"

"அவரு உங்களைவிடச் சமத்து. குடுத்ததை முழுங்குவாரு."

பெரியவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் தரை துடைக்கும்போது விரிப்புக்கு அடியில் சர்க்கரை மாத்திரைகளை ஒரு குவியலாகப் பார்த்திருந்தாள். விழுங்குகிற மாதிரி கன்னத்தில் ஒதுக்கி, அவள் போனபின் துப்பியிருக்கிறார். முறைப்படி அவளை அனுப்பும் பராமரிப்பு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மகனுக்குப் போகும். மகனுக்குப் போனால் அடுத்த வாரமே நகரத்து முதியோர் விடுதியில் படுக்கை தயாராகிவிடும். எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நகத்தூளைக் காகிதத்தில் மடித்து அடுப்பில் போட்டாள்.

ஓக்சிமும் அந்த மலையில் பிறந்தவள்தான். கங்வோன் மலைகளின் உள்மடிப்பில் இருந்த அந்த மாவட்டத்தில் அவளுடைய அப்பா காட்டை எரித்து, சாம்பல் மண்ணில் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைத்தார். மண் சலித்துப்போனால் அடுத்த சரிவுக்குப் போவார். பிறகு அரசாங்கம் மலையில் நெருப்பு வைக்கக் கூடாது என்று எல்லோரையும் கீழே இறக்கியது. அவர்கள் எரித்த சரிவுகளில் வரிசையாக மரக்கன்று நட்டார்கள். அப்பா முதுகில் மாட்டும் மரச்சுமைச் சட்டத்தில் இரும்புப் பானையைக் கட்டி, அதன்மேல் ஓக்சிமை உட்காரவைத்து மலை இறங்கினார்.

கீழே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. ஓக்சிம் சுரங்கத் தொழிலாளி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். சுரங்கம் நடந்த வரை ஊரில் சினிமாக் கொட்டகைகூட இருந்தது. மூடியதும் சனம் வந்த வழியே போய்விட்டது. போகாமல் தங்கியது தூசி அடைத்த நுரையீரல்காரர்கள்தான். அவள் கணவனும் அதில் ஒருவன். வருஷக்கணக்கில் அவனைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, கடைசியில் வழியனுப்பினாள். பிறகு மாவட்டத் தலைநகரில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கோஸ் நடவுக் கூலியை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். படுக்கைப் புண் ஏன் வருகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். முன்பே தெரிந்திருந்தால் கணவனின் முதுகு அப்படி ஆகியிருக்காது. அது சில நாள் உறுத்தியது. அப்புறம் வேலை வந்துவிட்டது.

வேலைக்குக் குறைவில்லை. மாவட்டம் பெரிது, ஆட்கள் கொஞ்சம், அவர்களிலும் பாதிப் பேர் கிழங்கள். ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு புகைக்கூண்டு என்று இருந்தது. தூபோங்கின் பள்ளத்தாக்கில் இரண்டு. இன்னொரு வீட்டுக் கிழவி குளிருக்குப் பயந்து இலையுதிர்காலத்திலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் வீட்டுக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவின் மேலே ஒரு கற்குவியல். அதன் உச்சியில் மாவு அவிக்கும் ஓட்டைப் பானை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஓட்டையில் தக்களிக் கம்பி குத்தியிருக்கும். தூபோங் பிறக்கும் முன்பு அவருடைய அத்தையைப் புலி தூக்கிப் போனது. மிஞ்சியதை அங்கேயே எரித்து மூடினார்கள். புலி தின்றவர்கள் சும்மா கிடக்க மாட்டார்கள், தங்கள் இடத்துக்கு இன்னொரு ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொந்தக்காரர்களை வெளியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று அந்த மலைக்காரர்கள் நம்பினார்கள். அதனால்தான் பானை. கம்பி சுற்றச் சுற்ற உள்ளே இருப்பது அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். அதற்கும் மேலே ஒரு காவல் உண்டு. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது முறைதான் பதில் சொல்வார்கள்.

மற்ற வீடுகளில் அது விட்டுப்போனது. தூபோங் விடவில்லை. போன் அடித்தால்கூட மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பார். ஓக்சிம் முற்றத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

அன்று முள்ளங்கிக் கீரை சூப்பை அடுப்போரம் மூடிவைத்துவிட்டு அவள் கிளம்பியபோது வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது. பனி விழாத நவம்பர். காடு காய்ந்து கிடந்தது. வளைவில் பாறை கசிந்து பாதை முழுக்கக் கண்ணாடி போல உறைந்திருந்ததை அவள் காலையில் பார்த்து, சுற்றித்தான் ஏறினாள். இறங்கும்போது மாத்திரை நினைப்பில் நேராகக் கால் வைத்துவிட்டாள்.

விழுந்த சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. காலுறையை இறக்கித் தடவிப் பார்த்தாள். எலும்பு வெளியே வரவில்லை. விரல்கள் அசைந்தன. கணுக்கால் போய்விட்டது, உயிர் போகவில்லை என்று முடிவு செய்தாள். அதற்கப்புறம்தான் மற்றதை யோசித்தாள். பள்ளத்தாக்கு அடியில் இருக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் கைப்பேசி எடுக்காது. பெரியவர் வீட்டுப் போன் கம்பி போன வாரக் காற்றில் அறுந்தது, இன்னும் யாரும் வந்து கட்டவில்லை. அவள் வீட்டில் தேட ஆள் இல்லை. நாளை வேலைக்கு வரவில்லை என்று தெரிந்து அலுவலகம் தேட ஆரம்பிக்கும்போது மதியமாகிவிடும். வெயில் இப்போதே எதிர்ச் சரிவில் பாதிக்கு ஏறிவிட்டது. அது போனால் உட்கார்ந்த இடத்திலேயே உறைய வேண்டியதுதான்.

"பெரியப்பா!"

நிறுத்தி மூச்சு வாங்கி இன்னொரு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டாள். மேலே வீட்டுக் கதவு சத்தம் இல்லை. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. நாலாவது முறை வாயைத் திறந்தவள் தலைக்கு மேலே கவிழ்ந்திருந்த பானையைப் பார்த்தாள்.

கற்குவியல் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல். பெரியவர் அதற்கு மூன்று முறை என்ன, முப்பது முறைக்கும் வாய் திறக்கப்போவதில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் திறந்திருக்க மாட்டாள். விரிப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கெஞ்சிக் கூப்பிடுவதுதான் பேய்; திட்டினால் ஆள்தான் என்று தெரியும். ஓக்சிம் தொண்டையைக் கனைத்தாள்.

"யோவ் பெரியப்பா! விரிப்புக்கு அடியில மாத்திரையக் குவிச்சு வச்சிருக்கீங்களே, அது என்ன முட்டையா, அடைகாக்க? எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால சாராய பாட்டில் இருக்கே, அதுவும் தெரியும்! நாளைக்கு உங்க மகனுக்குப் போன் போட்டுச் சொல்றேனா இல்லையா பாருங்க!"

கதவு திறந்தது. முற்றத்து விளிம்பில் பெரியவரின் தலை தெரிந்தது. கையில் துடைப்பம்.

"யாரு அது?"

"உங்க அத்தைன்னு நெனச்சீங்களா? உங்க அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை தெரியுமா?"

"சத்தம் போடாத! மாத்திரைய மலை முழுக்கச் சொல்லணுமா?"

"கால் ஒடிஞ்சு கெடக்கேன். மலைக்கும் சொல்வேன், மந்திரிக்கும் சொல்வேன். கம்பளி எடுத்துட்டு வாங்க. பனிக்கட்டியில கால வைக்காம ஓரமா வாங்க."

அவர் வந்து சேர வெகுநேரம் பிடித்தது. துடைப்பத்தை ஊன்றி, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார். கம்பளியை அவள்மேல் போட்டுவிட்டுப் பாதத்தைப் பார்த்தார்.

"சாகலையே?"

"இன்னும் இல்ல. ரெண்டு விறகுக் குச்சியும் கயிறும் வேணும்."

மேலே போய் எடுத்துவந்து, அவள் சொன்னபடி குச்சிகளை இருபுறமும் வைத்துக் கட்டினார். முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. பாலம் வரைக்கும் போய் யாரையாவது கூப்பிடட்டுமா என்றார்.

"அந்த முட்டிய வச்சுக்கிட்டா? பாதி வழியில நீங்க விழுந்தா ரெண்டு பேரையும் வசந்தத்துலதான் எடுப்பாங்க."

பெரியவர் எதிர்ச் சரிவைப் பார்த்தார். அதன் உச்சியில் காட்டுத் தீ காவலன் தல்சூவின் காவல் கூண்டு இருந்தது. அந்த மாவட்டத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி வர ஒரு பொழுது ஆகும். காய்ந்த பருவத்தில் எங்காவது புகை எழுந்தால் தல்சூ சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு மோட்டார்சைக்கிளில் பறந்து வருவான். போன வசந்தத்தில் வரப்பைக் கொளுத்தியதற்காக அவன் பெரியவருக்கு அபராதம் எழுதியிருந்தான். அதிலிருந்து அவனைக் கண்டால் பெரியவர் காறித் துப்புவார்.

"அந்த நாய் வருவான்," என்றார். "புகை போட்டா வாலை ஆட்டிக்கிட்டு வருவான்."

"காடு பத்திக்கும் பெரியப்பா!"

"எங்க அப்பன் இந்த மலையவே கொளுத்தி எனக்குச் சோறு போட்டவன். எனக்கு நெருப்பு வைக்கச் சொல்லித்தர்றியா?"

"சுத்தித் தண்ணி ஊத்திட்டு வைங்க!"

"ஊத்துறேன், ஊத்துறேன். கால் ஒடிஞ்சாலும் வாய் ஒடியல."

வீட்டை ஒட்டிய வயலில் எள்ளுத்தட்டைகள் கட்டிவைத்திருந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வட்டமாக மண்ணை நனைத்தார். அவர் நின்று நின்று மூச்சு வாங்குவது கீழே அவளுக்குக் கேட்டது. அப்புறம் தட்டை பற்றி வெடிக்கும் சத்தம். மேலே பச்சைப் பைன் கிளைகளைப் போட்டிருக்க வேண்டும். காற்றில்லாத நாள். வெள்ளைப் புகை தூண் மாதிரி நேராக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓக்சிம் அதைப் பார்த்தபடி இருந்தாள். எதிர்ச் சரிவில் வெயில் ஒரு கோடாகச் சுருங்கியபோது பள்ளத்தாக்கில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

தல்சூ ஆரஞ்சுச் சட்டையும் முதுகில் தண்ணீர்த் தொட்டியுமாக வளைவு திரும்பினான். அவளைப் பார்க்காமலே கத்திக்கொண்டு வந்தான்.

"தாத்தா! இந்தத் தடவ விடமாட்டேன்! வயசுக்கு மரியாதை எல்லாம் போன தடவையோட முடிஞ்சு போச்சு!"

"பனிக்கட்டி இருக்கு, பாத்து," என்றாள் ஓக்சிம் தரையிலிருந்து.

அவன் நின்றான். "ஐயோ, அக்கா! இங்க என்ன பண்றீங்க?"

"படுத்து ரெஸ்ட் எடுக்கேன். மேல போய் நெருப்ப முதல்ல அணை. அப்புறம் என்னைத் தூக்கு."

பெரியவர் முற்றத்து விளிம்பில் சாம்பல் படிந்த முகத்தோடு நின்றிருந்தார்.

"வந்துட்டியா? எழுது, எழுது, அபராதம் எழுது. நல்லா பெருசாவே எழுது. புள்ளைய முதல்ல கீழ கொண்டுபோ."

"சட்டப்படி எழுதித்தான் ஆகணும் தாத்தா."

"நான் வேணாம்னா சொன்னேன்?"

நெருப்பை அணைத்து, சாம்பலை மிதித்துப் பார்த்துவிட்டு வந்தான் தல்சூ. சரிவில் மோட்டார்சைக்கிளில் ஒடிந்த காலோடு உட்காரவைக்க முடியாது. வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மரச்சுமைச் சட்டத்தைப் பெரியவர் கொண்டுவந்தார். கம்பளியைச் சுற்றி, அவளை அதில் முதுகு சாய உட்காரவைத்துக் கட்டினார்கள். தல்சூ முழங்காலில் ஊன்றி எழுந்தான்.

"அக்கா, நீங்க என்ன, கல்லு தின்னீங்களா?"

"காலையில சோளச் சோறு. பேசாம நட."

சட்டத்தில் பின்னோக்கி உட்கார்ந்திருந்ததால் மேலே நின்ற பெரியவர் அவள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தார். இப்படி மலை இறங்குவது அவளுக்கு இரண்டாவது முறை. முதல் முறை அடியில் பானை இருந்தது, இன்னும் அதிகமாகக் குத்தியது.

"சூப்பு அடுப்போரம் இருக்கு!" என்று கத்தினாள். "மாத்திரை!"

பாலத்தில் கைப்பேசி எடுத்தது. வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

மறுநாள் காலை, நெருப்பு வைத்த இடம் முழுக்க ஆறிவிட்டதா என்று பார்க்கத் தல்சூ மறுபடி ஏறினான். வளைவில் பனிக்கட்டிமேல் அடுப்புச் சாம்பல் தடிமனாகக் கொட்டிப் பரப்பியிருந்தது. கால் வழுக்கவில்லை. பாதையோர எல்ம் மரத்தில் நசுங்கிய அலுமினியத் தாம்பாளம் ஒன்று தொங்கியது. பக்கத்தில் கயிற்றில் கட்டிய மரக்கரண்டி. பெரியவர் இன்னொரு வாளிச் சாம்பலோடு மேலே நின்றார்.

"இது என்ன தாத்தா, கடையா?"

"இனிமே இந்த வளைவுல யாருக்கு எதுன்னாலும் இதைத் தட்டணும். ஒரு தட்டுக்கு வந்துருவேன்."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா வரமாட்டேன். எங்க அப்பனுக்குக் கெடைச்சது அத்தையோட தலை மட்டுந்தான். மிச்சம் எல்லாம் புலி வயித்துல. கூப்பிட அதுக்கு வாய் இருக்கு. தட்டுறதுக்குக் கை ஏது?"

தல்சூ யோசித்துப் பார்த்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கரண்டியை எடுத்து ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் பள்ளத்தாக்கில் போய்த் திரும்பியது.

"ஏய்! இங்கதான் இருக்கேன்!" என்றார் பெரியவர் உடனே.

பாலத்துக்கு இறங்கியதும் தல்சூ மருத்துவமனைக்குப் போன் போட்டான். அறுவைச் சிகிச்சைக்குக் காத்துக்கொண்டிருந்த ஓக்சிம் சாம்பலையும் தாம்பாளத்தையும் கேட்டுவிட்டு, "மாத்திரை போட்டாரா?" என்றாள்.

"என் முன்னாலதான் முழுங்கினாரு அக்கா. நான் கேக்காமலே வாயத் தெறந்து காட்டினாரு."

"கன்னத்துக்குள்ள விரல் விட்டுப் பாத்தியா?"

"அது எப்படி அக்கா…"

"மறுபடி ஏறு," என்றாள் ஓக்சிம். "ஏறிப் பாத்துட்டு வா."

அவன் பெருமூச்சு விட்டு, வண்டியைத் திருப்பினான். வளைவுக்கு வந்ததும் கரண்டியை எடுத்துத் தட்டினான்.