கைப்பைக்குள் போன மெமரி கார்டு

மகள் செய்த கருவியிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டவள் நான்தான்.

கருவி ஒரு சோப்புக்கட்டி அளவுதான். செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் குலை வெட்டும் நீளக் கழியின் நுனியில் பொருத்தினால், குலை பழுத்ததா காயா என்று கீழே நிற்பவரின் கைப்பேசியில் காட்டும். அதைச் சந்தைக்குக் கொண்டுவர அரசாங்கம் உதவும். ஆனால் ஒரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தாக வேண்டும். சிரம்பானிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் தாமாகவே தேடி வந்தார். வந்த அன்றே கருவியைத் திறக்கச் சொல்லி உட்புறத்தைப் படம் எடுத்தார்.

"உள்ள எதுக்கு படம்?" என்று மகளிடம் கேட்டேன்.

"பார்ட்னர்ம்மா, பார்க்காம இருப்பாரா? நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் லா."

என் அப்பா பெடாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். வீட்டைக் காலிசெய்யச் சம்மதித்த தாள் அது என்று பிறகுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே தாள் நீட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

சோதனைக்காக லிங்கி அருகே ஒரு தோட்டத்துக்குப் போனோம். "முடிஞ்சதும் கருவிப் பெட்டிய நானே எடுத்துட்டுப் போறேன் தங்கச்சி" என்றார் கம்பெனிக்காரர். சோதனையைப் பார்க்க வந்த அரசாங்க அதிகாரியை மகள் வரவேற்கப் போன நேரத்தில் கார்டைக் கழற்றினேன். அது இல்லாவிட்டாலும் கருவி பழத்தைப் பார்க்கும், கார்டில் மகள் எழுதி வைத்த ரகசியம் மட்டும் என்னிடம் இருக்கும் என்று நினைத்தேன்.

கருவி உயிர்பெறவே இல்லை. கார்டு விழுந்துவிட்டது என்று மகள் புல்லுக்குள் தேடினாள். கம்பெனிக்காரரும் முட்டி போட்டுத் தேடினார். வாய் திறக்கத் துணிவில்லாமல் நானும் தேடினேன்.

அதிகாரி கடைசியில், "தாக் அப்பா லா", பரவாயில்லை என்று மலாயில் ஆறுதல் சொல்லிவிட்டு, கருவி இன்னும் தயாராகவில்லை என்று எழுதிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க ஆன்ட்டி, மிச்ச வேலைய எங்க கம்பெனியே முடிச்சிடும். அக்ரிமெண்ட்ல கொஞ்சம் மாத்தணும், அவ்வளவுதான்," என்றார் கம்பெனிக்காரர்.

திரும்பும் வழியில் கார்டை மகளிடம் நீட்டினேன். அவள் காரை ஓரங்கட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு போன வாரமே கம்பெனிக்காரர்ட்ட இதே மாதிரி இன்னொரு கார்டு கொடுத்திருந்தேன்ம்மா," என்றாள் மெதுவாக. "பதட்டத்துல எனக்கு ஞாபகமே வரல."

"வீட்டுல வச்சிட்டு வந்திருப்பாரு."

"இல்ல. காலையில பேக்க தட்டிக் காட்டி, பத்திரமா இருக்குன்னு சொன்னாரு."

முட்டி போட்டுத் தேடியபோதும் அந்தப் பை அவர் தோளில்தான் தொங்கியது.

நான் செய்தது தவறு. கருவி தயாராகவில்லை என்ற வரி என்னால் வந்தது. அதை மகளிடம் சொன்னேன். அவள் பின் இருக்கையிலிருந்த, இன்னும் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தை எடுத்து மடியில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.