மடுவத்துச் சிறுத்தை

கால்நடை மருத்துவம் படித்த வருடங்களை நினைத்தால், பாடங்களுக்கு முன்னால் ஈரம்தான் நினைவுக்கு வருகிறது. மகாவலிக் கரையில் இருந்த எங்கள் வகுப்பறையின் ஜன்னல் கண்ணாடிகளில் காலை வேளையில் நீர் கோத்திருக்கும். வெளியே மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டிருக்கும். மேசைமேல் ஒரு பசுவின் இதயம் பார்மலின் வாசனையோடு கிடக்கும். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் அதன் அறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்தச் சரிவில் மேய்ந்த பசுவாக இருக்கும், அதை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எங்கேயோ போய்விடுவேன்.

காட்டு விலங்குகளுக்கென்று அப்போது தனிப் பாடம் கிடையாது. ஆனால் நோயியல் சொல்லித்தந்த விரிவுரையாளருக்கு அவற்றின்மேல் ஒரு பித்து இருந்தது. பாடம் முடிந்து மணி அடித்த பிறகு, சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைக்காமல், மரை மான்களைப் பற்றியும் கரடிகளைப் பற்றியும் பேசத் தொடங்குவார். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். வீட்டு மாட்டின் நோயைச் சொல்ல ஓர் ஆள் கூடவே வருவார், காட்டு மிருகத்தின் நோயை அதன் உடம்புதான் சொல்லவேண்டும் என்று அவர் ஒரு நாள் சொன்னார். அன்று ஆற்றங்கரை வழியாக விடுதிக்குத் திரும்பும்போது அந்த வார்த்தை என்னோடு நடந்து வந்தது.

என் அப்பா வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தார். காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவம் எல்லாம் அவரிடம்தான் வரும். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படிக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்கு உண்டு. வெளியே சொல்லமாட்டார். யாராவது கேட்டால், "மகள் டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், மூன்றாம் வருட விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்தில் ஒரு கன்றுக்குட்டியைச் சிறுத்தை அடித்துவிட்டது. கன்று ஒரு கொழுந்துக்காரப் பெண்ணுடையது. புருசன் இறந்தபின் ஒரு பசுவையும் லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோஸ் பாத்திகளையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று காலை நான் போனபோது தாய்ப்பசு வேலியோரம் நின்று கத்திக்கொண்டிருந்தது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம்தான் தின்னுருக்கு பாப்பா. பசிக்குத் திங்கிறதுன்னா முழுசாத் தின்னுட்டுப் போயிருக்கலாமில்ல. எதுக்கு இப்புடிக் கொன்னு போட்டுட்டுப் போகணும்?" என்றாள்.

நான் குனிந்து கன்றைப் பார்த்தேன். கன்றின் தொடைப் பக்கம் மட்டும் லேசாகக் கிழிந்திருந்தது. மீதி உடம்பு தூங்குவதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு ஓரிரு நாள் கழித்து, கொழுந்தெடுக்கப் போன பெண்கள் மலை உச்சியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறுத்தை செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். கூடைகளை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை தானே ஏறிப் போய்ப் பார்த்தார். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபின் வந்த சிங்களத் துரை அவர். காலையில் குதிரையில் மலை சுற்றும்போது அந்தச் சிறுத்தையைப் பல தடவை தூரத்தில் பார்த்திருக்கிறார். யாரும் சுடக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். அதன் பக்கத்தில் மண்டியிட்டார் என்று பெண்கள் சொன்னார்கள்.

எழுந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. கன்று யாருடையது?

வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஆட்களோடு அக்காவின் காம்பரா அறைக்குள் நுழைந்து தேடினார். அடுப்புக்கு மேலே, கோஸ் புழுவுக்குப் போடுகிற பொடி டின் இருந்தது. பாஷாணம் கலந்த பொடி. லயத்தில் காய்கறி போடுகிறவர்கள் பாதிப் பேர் வீட்டில் அது இருக்கும். செத்த கன்றின்மேல் அதைத் தூவி வைத்துச் சிறுத்தையைக் கொன்றுவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். லயத்தையும் காலி செய்ய வேண்டும்.

அப்பா இதைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது நான் சோற்றில் கை வைத்திருந்தேன். கையை உதறிவிட்டு எழுந்தேன்.

"அப்பா, அந்தச் சிறுத்தையை அறுத்துப் பார்த்தாங்களா?"

"யாரு பாக்கறது? தோலை உரிக்கறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க."

"நான் பாக்கறேன்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பில் நான் அறுத்துப் பார்த்தவை நாய்களும் ஆடுகளும்தான். அது அவருக்கும் தெரியும். டிஸ்பென்சரிக்குப் போய்க் கத்தியையும் கத்தரிக்கோலையும் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். செத்த மிருகத்துக்கு எதற்குக் கொதிக்கவைக்க வேண்டும்? அது அவருடைய மரியாதை.

சிறுத்தையைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். மடுவத்துக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. மூடுபனி உள்ளே வருவதும் போவதுமாக இருந்தது. கொழுந்துப் பெண்கள் கூடைகளோடு சுற்றி நின்றார்கள். ஒரு மூச்சு பனி வந்தால் அவர்கள் மறைவார்கள், விலகினால் அதே இடத்தில் அப்படியே நிற்பார்கள். தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெசம் வச்சது யாருன்னு எனக்குத் தெரியும். நீ வெட்டி என்னா பாக்கப் போற?" என்றார் துரை. தோட்டத்து ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ்.

"என்ன நடந்ததுன்னு பாக்கறேன் சேர்."

அவர் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் முதலில் கத்தியை எடுக்கவில்லை. அதன் முன்காலைக் கையில் எடுத்தேன். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. உள்ளங்கால் மெத்தென்று, குளிர்ந்து, ஒரு குழந்தையின் கன்னம்போல இருந்தது. மஞ்சள் ரோமத்தில் பனித்துளிகள் நின்றன. கறுப்புப் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அவை மெல்ல நகர்வதுபோல எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் படங்களில் பார்த்ததை, கனவில் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்த உள்ளங்காலில் ஏதோ விரலில் குத்தியது.

ஒடிந்துபோன முள்ளம்பன்றி முள்.

அதற்குப் பிறகு கனவு கலைந்து, கைகள் தாமாக வேலை செய்தன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல மெலிந்த உடம்பு. கீழ்த்தாடை ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வாயைத் திறந்தபோது வந்த நாற்றத்தில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நாக்குக்கு அடியில் நுழைந்த ஒரு முள், தொண்டையைத் துளைத்து, நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. நெஞ்சைத் திறந்ததும் சீழ் வழிந்தது. ஒரு பக்கத்து நுரையீரல் கல்போல இறுகிக் கிடந்தது. அப்பா பாத்திரத்தை நீட்டிப் பிடித்தார்.

வயிற்றில் கொஞ்சம் புல்லும், ஒரு பிடி கன்று ரோமமும், சிறு சதைத் துணுக்குகளும்தான் இருந்தன. வாயில் அந்த வலியை வைத்துக்கொண்டு அதனால் விழுங்க முடிந்தது அவ்வளவுதான். மரையைத் துரத்த முடியாமல், கட்டிப்போட்ட கன்றைத் தேடி அது லயம் வரைக்கும் வந்திருக்கிறது.

நான் முள்ளை எடுத்துத் துரையிடம் காட்டி, கண்டதையெல்லாம் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வெசம் இல்லையா?"

சுற்றிலும் நின்ற பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். அக்கா தூணுக்குப் பின்னால் நின்றாள். இல்லை என்று சொல்ல நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இந்த முள்ளே இதைக் கொல்லப் போதும் சேர். ஆனா வெசம் இல்லவே இல்லைன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. வயித்துல இருக்கறதைப் பரிசோதிக்கணும். நான் கொண்டு போறேன். அதுவரைக்கும் அவங்களை லயத்துல இருக்க விடுங்க."

துரை யோசித்துவிட்டு, "சரி, நீ வந்து சொல்ற வரைக்கும்" என்றார்.

வயிற்றில் இருந்ததை ஒரு போத்தலில் அடைத்துக்கொண்டு நான் வர, அப்பா எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். கோயில் வளைவில் நின்றார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அவரு நம்பியிருப்பாரு."

"தெரியாததை எப்படிப்பா சொல்றது? நாளைக்கு வேற யாராவது வந்து இருக்குன்னு சொன்னா, அக்கா என்ன ஆவாங்க?"

அப்பா என் கையிலிருந்த போத்தலை வாங்கித் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் வட்டகொடையில் ரயில் ஏறினேன். போத்தலை வாழைச்சருகில் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஊறுகாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஹட்டனைத் தாண்டி வட்டவளைப் பக்கம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலைகள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசைந்தன. பாதித் தூக்கத்தில், அந்தச் சரிவுகளில் ஒரு சிறுத்தை ரயிலோடு சேர்ந்தே நடந்து வருவதாகத் தோன்றியது. வாயைச் சற்றுத் திறந்தபடி, வலியோடு, அவசரமே இல்லாமல். கண் விழித்தால் மழைதான்.

விடுமுறையானதால் பல்கலைக்கழகத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. விரிவுரையாளரின் வீட்டுக்கே போனேன். வெற்றுக்காலோடு ரோசாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்குமுன்பே செருப்பைத் தேடினார். ஆய்வுகூடத்தைத் திறந்தார். போத்தலில் இருந்ததில் கொஞ்சத்தை அமிலத்தில் போட்டு, பளபளவென்று தேய்த்த செம்புத் தகடு ஒன்றை அதற்குள் இறக்கிக் கொதிக்கவைத்தார். பாஷாணம் இருந்தால் செம்பு கறுத்துவிடும்.

நாங்கள் இருவரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் கொப்பளித்தது. ஆவி கண்ணாடியில் படிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு சிறு தகட்டை நான் பார்த்ததில்லை. அது கறுக்கிறதா, என் கண்தான் இருட்டுகிறதா என்று தெரியாமல் பல தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கடைசியில் அவர் இடுக்கியால் அதை வெளியே எடுத்து, கழுவி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு செம்பாகவே இருந்தது. சந்தேகம் தீர இன்னொரு தகட்டில் மறுபடியும் செய்து பார்த்தார். அதுவும் அப்படியே.

"எங்கே அந்த முள்?" என்று கேட்டார். துரையிடம் இருக்கிறது என்றேன். சிறுபிள்ளைபோல அவர் முகம் வாடியது. பிறகு பல்கலைக்கழகத் தொலைபேசியில் தோட்டத்து ஆபீசைக் கூப்பிட்டு, தானே துரையிடம் பேசினார். நான் கண்டதையும் செம்பு கறுக்காததையும் ஒன்று விடாமல் சொன்னார். "என் மாணவி" என்று தொடங்கினார். எனக்கு அது மட்டும்தான் நன்றாகக் கேட்டது.

நான் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று அக்கா கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். துரை அவளைக் கூப்பிட்டு, "போய் வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னாராம். மன்னிப்பெல்லாம் அந்தக் காலத்தில் துரைகள் கேட்பதில்லை. எடுத்துப் போயிருந்த பொடி டின்னை மட்டும் கண்டாக்கையா கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தோலையும் உரிக்கவிடவில்லை. மேல் மலையில் பத்தனைப் புல்வெளி தொடங்குகிற இடத்தில் சிறுத்தையைப் புதைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கோஸ் கொண்டு வந்திருந்தாள். அதை என் பக்கத்தில் வைத்தாள். பாதையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா பாப்பா?"

"ஆமாங்க அக்கா. ரொம்ப நாளா வலிச்சிருக்கும்."

"பாவம்" என்றாள். கன்றைச் சொன்னாளா சிறுத்தையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

உள்ளே அப்பா யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆள், மேல் லயத்து விஷயத்தில் பாப்பா பெரிய காரியம் செய்துவிட்டதே என்றார். "மாட்டு டாக்டருக்குப் படிக்குது" என்றார் அப்பா, "காட்டு மிருகத்துக்கும் சேத்து." முதல் தடவையாக முழு வாக்கியத்தையும் சொன்னார்.

அடுத்த விடுமுறையில் ஒரு காலை நான் மேல் மலைக்கு ஏறிப் போனேன். பெண்கள் வரிசையாகக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பனி இடுப்பளவுக்கு நின்றதால் தலைகளும் கூடைகளும் மட்டும் மிதந்தன. அப்போது பத்தனைக்கு அப்பால், காட்டுக்குள்ளிருந்து, மரம் அறுப்பதுபோன்ற கரகரப்பான குரல் வந்தது. இன்னொரு சிறுத்தை. எல்லாக் கைகளும் ஒரு கணம் செடிகளின்மேல் நின்றன. குரல் ஓய்ந்தது. யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பிறகு விரல்கள் மறுபடியும் கொழுந்துகளுக்குள் போயின.