அழுத்தக் கூடாத கை

ரப்பர் தோட்டத்தில் நான் சுளுக்கு எடுப்பேன். யாரிடமும் படித்த வேலை இல்லை. மரம் சீவுகிறவர்களுக்குத் தோள் பிடிக்கும். பந்து விளையாடுகிறவர்களுக்குக் கால் பிசகும். என்னிடம் வருவார்கள். எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவேன். கத்துவார்கள். மறுநாள் நடப்பார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்து, நான் பள்ளிக்கூடத்தில் ஜாகாவாகக் காவல் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் தப்பு செய்தேன்.

என் மனைவிக்கு இடது மார்பில் புற்றுநோய். ஈப்போவில் ஆபரேஷன் செய்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். பிறகு கதிர் சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கை வீங்கலாம் என்றார்கள். நீர் வடிகிற வழியை வெட்டிவிட்டதால் அது கையிலேயே தங்குமாம். நன்றாக வீங்கிவிட்டால் பழையபடி ஆவது கஷ்டமாம். அவள் கன்டீனில் மாவு பிசைந்து ரொட்டி சானாய் வீசுகிறவள். சும்மா உட்காரத் தெரியாது. எப்போது வேலைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெராப்பி செய்கிற பெண்ணுக்கு எங்கள் மகள் வயது இருக்கும். கை வீங்காமல் இருக்க எப்படித் தடவுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் கழுத்து. பிறகு வலது அக்குள். கடைசியில்தான் இடது கை, அதுவும் தோள் பக்கத்திலிருந்து. எண்ணெய் கூடாது.

"நோவு இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம் தடவச் சொல்றியேம்மா," என்றேன்.

"சிம்பாங் பூலாய் சந்தியில ஜேம் ஆனா, முன்னால நிக்கிற காடி நகந்தாத்தானே பின்னால உள்ளது வரும், அங்கிள். அதான்."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. மனைவியின் கழுத்தில் கை வைத்தேன்.

"மெதுவா லா, அங்கிள். தோல் மட்டும் நகரணும்."

மெதுவாகத் தடவினேன்.

"இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவான்னா கையயே எடுத்துரணும்."

"மெதுவா தொடுறதுக்கு இவருக்கு ஆஸ்பத்திரியில வந்து சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு," என்றாள் மனைவி. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் தினமும் செய்தேன். சுளுக்கு என்றால் விரலுக்குத் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. தடவுகிறேனா, சும்மா கையை வைத்துக்கொண்டிருக்கிறேனா என்றே குழப்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கனமாக இருக்கிறது என்றாள். பார்வைக்கு வீக்கம் இல்லை. இத்தனை நாள் தடவி என்ன கண்டோம் என்று தோன்றியது. ஜாதிக்காய் எண்ணெயை எடுத்தேன்.

"அந்தப் புள்ள எண்ண வேணாம்னுச்சே."

"அது சின்னப் புள்ள. நான் எத்தன கை பாத்திருக்கேன்."

கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து அழுத்தி உருவினேன். அவள் கத்தவில்லை. முடிந்ததும் லேசாக இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் புறங்கை உப்பியிருந்தது. ரவிக்கைக் கை ஏறவில்லை. விரலால் தொட்டேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

அன்றே ஈப்போவுக்குப் போனோம். கிருமி ஏதும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் டேப்பால் கையை அளந்து பழைய அளவோடு ஒத்துப் பார்த்தாள்.

"என்ன செஞ்சீங்க ஆன்ட்டி?"

நான் வாயைத் திறக்குமுன் மனைவி, "அரிசி மூட்டையத் தூக்கிட்டேன் லா," என்றாள்.

"தூக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கையைச் சுற்றிப் பட்டைத் துணி கட்டினார்கள். ஏன் பொய் சொன்னாள் என்று தெரியவில்லை. என் மானத்தைக் காப்பாற்றவா, கோபத்திலா?

காரில் ஏறியதும் கேட்டேன்.

"உண்மையச் சொன்னா நீங்க தொடக்கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லிரும்."

"தொடாம இருந்தா நல்லதுதானே."

"வெட்டுன பொறகு நீங்க என் பக்கத்துலயே வரல. தெராப்பின்னு சொன்ன பொறகுதான் வந்தீங்க," என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு வலிக்கும் என்றுதான் தள்ளி இருந்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அதுவும் சந்தேகமாகிவிட்டது.

நான் காரைவிட்டு இறங்கினேன். திரும்பப் போய் அந்தப் பெண்ணிடம், "நான்தான் எண்ண போட்டு அழுத்துனேன். அவ ஒண்ணும் தூக்கல," என்றேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"நாளைக்கு ஆன்ட்டியக் கூட்டிட்டு வாங்க. என் முன்னால செய்யுங்க," என்றாள்.

மறுநாள் அவள் முன்னால் செய்தேன். அதற்குப் பிறகும் பல தடவை. வீக்கம் மெல்ல இறங்கியது. முழுதாக இறங்கவில்லை. இப்போது இறுக்கமான கையுறை ஒன்றைத் தோள்வரை போட்டுக்கொண்டு பாதி நாள் கன்டீனுக்குப் போகிறாள். கல்லாவில் உட்காருகிறாள், மாவைத் தொடுவதில்லை.

சாயங்காலம் தடவுகிறேன். விரலுக்கு இன்னும் ஒன்றும் தெரிவதில்லை. சரியாகத்தான் செய்கிறேனா என்று கேட்பேன்.

"பேசாம தடவுங்க," என்பாள். கண்ணைத் திறக்க மாட்டாள்.