முருங்கைக்காயும் சிவப்புப் பென்சிலும்

பெயர் எழுதவேண்டிய இடத்தில் ஹெப்சிபா "முருங்கைக்காய்" என்று தட்டுகிறார். ஊர் கிடையாது, தெரு கிடையாது, வேலை பார்த்த மில்லின் பெயர் கிடையாது. "முருங்கைக்காய், அறுபது தாண்டியவர். பக்கவாதம், வலக்கையில் பலம் குறைவு. நாற்காலியில் உட்காருவார். முன்பு பூப்பந்து ஆடியவர். இவருக்கு ஏற்ற விளையாட்டு எட்டுச் சொல்." செல்போனில் இருக்கும் ஏஐ, முருங்கைக்காய்க்குப் பக்கவாதம் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் எட்டையும் கொட்டிவிடுகிறது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் உள்ள ஒரு மறுவாழ்வு மையத்தில் கடைசி அறை ஹெப்சிபாவுடையது. கதவில் 'பொழுதுபோக்குச் சிகிச்சை' என்று பலகை தொங்குகிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. அறைக்கு விளையாட்டு ரூம் என்று பெயர், அவருக்கு டீச்சர் என்று பெயர். நோயில் விழுந்தவர்களுக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடித்து, அதைச் செய்யவைத்தே உடம்பையும் மனதையும் எழுப்புவது வேலை. இதை விளக்கி விளக்கி வாய் வலித்துப்போய், இப்போது யார் கேட்டாலும் "வெளையாட்டுக் காட்டித்தான் சம்பளம் வாங்குதேன்" என்று சிரித்துவிடுகிறார்.

அங்கே வருகிற எல்லோருக்கும் ஒரு காய்கறிப் பெயர் உண்டு. உயரமும் ஒல்லியுமாக இருப்பவர் முருங்கைக்காய். கூமாப்பட்டி மாரியாத்தாள் தன் பெயரைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. "ஏட்டி, அந்தப் பாவக்காயை மாத்து. நான் என்ன அம்புட்டுக் கசப்பா?" வெள்ளரிக்காய் ஆக்கிய பொறவுதான் தாயக்கட்டையைக் கையில் எடுத்தார்.

இந்தக் காய்கறிக்கடை சும்மா முளைத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மூதாட்டியின் பிறந்தநாளுக்குப் பாட்டு வேண்டுமென்று, அவர் பெயர், ஊர், நோய், மாத்திரை வரை எல்லாவற்றையும் அவசரத்தில் ஏஐயிடம் ஹெப்சிபா எழுதிவிட்டார். பாட்டு நன்றாகவே வந்தது. எப்படி வந்தது என்று தெரிந்ததும் மூதாட்டியின் மகள் விஜி கேட்டாள்: "எங்கம்மா நோவு இனி யார் யாருக்கெல்லாம் தெரியும் டீச்சர்?" அன்று மதியம் ஹெப்சிபா டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வெட்கம் இன்னும் அவரிடம் இருக்கிறது. இருக்கட்டும் என்றுதான் அவரும் வைத்திருக்கிறார்.

ஏஐ சொன்னதை அப்படியே யார் தலையிலும் கட்டுவதில்லை. பெரிய எழுத்தில் அச்செடுத்து, முதலில் பிசியோதெரபிஸ்ட் விமலிடம் நீட்டுவார். முருங்கைக்காயின் வலது தோள் மூட்டு இறங்கியிருக்கிறது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பந்தை அடிக்கச் சொல்லியிருந்த வரியை விமல் நீல மையால் அடித்தார். "ஒங்க போனு ஆளை முடிச்சிரும் டீச்சர்."

மிச்சமிருக்கும் ஏழு வரியும் நோயாளியிடமே போகும், கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும். "இது போனு சொன்னது. பாதி சரி, பாதி கிறுக்கு. எது கிறுக்குன்னு பாத்து அடிங்க" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பென்சில் போனது முருங்கைக்காயிடம், அதாவது பால்சாமியிடம். நூல் மில்லில் முப்பது வருடம் கோன் சோதித்தவர். நூல் சுற்றிய கோனை ஒரு திருப்புத் திருப்பி, கறையோ தொய்வோ கண்டால் ஓரமாக ஒதுக்குவது அவர் வேலை. வாதம் வந்த பொறவு மனிதர்களையும் அப்படித்தான் ஒதுக்கினார். மூன்று வாரமாக மையத்துப் பக்கமே வரவில்லை. மனைவி பாண்டிசெல்விதான் மல்லுக்கட்டி ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். "இன்னைக்கு ஒருக்கத்தான் டீச்சர். இதுவும் ஒட்டலைன்னா இனி வரமாட்டேங்காக. வீட்டுல செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாக."

ஹெப்சிபாவுக்கு அந்தச் சுவர் தெரியும். அதைப் பார்த்துப் படுத்தவர்களின் விரல்கள் மடங்கி, மடங்கியபடியே நின்றுபோனதைக் கண்டிருக்கிறார். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. வெளியே காட்டாமல், "அடிங்க அண்ணாச்சி" என்றார்.

பால்சாமி இடக்கையில் பென்சிலை வாங்கினார். வண்ணம் தீட்டுதல், ஒரு கோடு. "நான் என்ன சின்னப்புள்ளையா?" படத்துண்டுகளைச் சேர்த்தல், ஒரு கோடு. பலூன், மணி கோத்தல், சீட்டு, செடிக்குத் தண்ணீர், வரிசையாகக் கோடுகள். பாண்டிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹெப்சிபா கோடுகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஆறு.

ஏழாவது வரியில் பென்சில் நின்றது. 'பூப்பந்து: இறகு வைத்த பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, உட்கார்ந்தபடி இடக்கை மட்டையால் மெதுவாகத் தட்டுதல்.'

பால்சாமி இரண்டு தடவை படித்தார்.

"பூப்பந்துல ஏது எறகு? மஞ்சக் கலருல கம்பளிப் பந்துல்லா அது. மில் டீம்ல பன்னெண்டு வருசம் ஆடுனவன் நான். இதுக்கு ஒரு எழவும் தெரியல டீச்சர்."

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி" என்றார் ஹெப்சிபா. உண்மையாகவே தெரியாது. விளையாட்டு ரூமை நடத்துகிற இவர் பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. "தப்பாத்தான் போட்ருக்கு. சரியானதை நீங்களே பக்கத்துல எழுதிருங்க."

கோடு போடுவதற்கு இடக்கை போதும். எழுத்து அதில் வராது. பால்சாமி பென்சிலைப் பார்த்தார். பிறகு இடக்கையால் வலக்கையைத் தூக்கி மேசைமேல் வைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, நடுவே பென்சிலைச் செருகி, மேலே இடக்கையைப் பொத்தினார். 'கம்பளி'யின் 'க' கோணலாக இறங்கியது. தாள் நழுவியது.

ஹெப்சிபா இரண்டு விரலால் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.